தைப்பிங் கம்பியில் ஓர் இடது கை

இப்போதெல்லாம் பெரிய ஆபீஸ்களில் ஊழியர் நலம் பார்ப்பதற்கென்றே ஓர் அதிகாரியை வைத்திருக்கிறார்களாம். நாற்காலி முதுகை உறுத்துகிறதா, மனசு நிம்மதியாக இருக்கிறதா என்றெல்லாம் அவர் கேட்பாராம். கேட்கட்டும், நல்லதுதான். நான் பினாங்கில் தந்தி ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் நலத்தை விசாரித்தது ஒரு தகர வாளி.

அந்த வாளியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, தந்தி அறையின் நடுவே வைக்கச் சொன்னார் பெரிய கிராணி. கிராணி என்றால் குமாஸ்தா. தந்தி அடிக்கும் எங்கள் ஆறு பேருக்கும் மேலே இருந்த தமிழர் அவர். அவருக்கு மேலே துரை. "தூக்கு" என்றார். அண்ணன் எழுந்து வந்து வலது கையால் வாளியைத் தூக்கினார். "அந்தச் சுவர் வரைக்கும் போயிட்டு வா." அண்ணன் போய்விட்டு வந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பெரிய கிராணி எங்கள் பக்கம் திரும்பி, "பாத்துக்குங்க லா. வாளி தூக்குற கை தந்திச் சாவி தட்டாதாம்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருவன் நான்.

அண்ணன் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டோம். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். மனைவி, மூன்று பெண்பிள்ளைகள், ஆபீஸ் கொடுத்த குவார்ட்டர்ஸில் குடித்தனம். ஞாயிறு பூசைக்கு ஒரு வாரமும் தவறாதவர். எங்கள் அறையிலேயே சிறந்த கை அவருடையது. ஒன்பது வருடமாகத் தைப்பிங் ஊருக்குப் போகும் கம்பி அவர் மேசையில்தான் இருந்தது.

கை என்று நாங்கள் சொன்னது வேறு. தந்தி என்பது புள்ளியும் கோடும்தான், எவன் தட்டினாலும் ஒன்றுதான் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. ஒருவன் தட்டுவதை இரண்டு நாள் கேட்டால் போதும், மூன்றாம் நாள் யார் என்று காது சொல்லிவிடும். அண்ணன் ஒவ்வொரு செய்தியின் கடைசிக் கோட்டையும் கொஞ்சம் இழுத்து விடுவார். கோயிலில் பாடுகிறவர்கள் ஆமென் என்பதை இழுப்பதுபோல இருக்கும். செய்தி முடிந்ததும் அனுப்பியவன் தன் அடையாளமாக இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டவேண்டும் என்பது சட்டம். அடுத்தவன் அடையாளத்தைத் தட்டினால் வேலை போகும்.

அந்தக் கைக்குத்தான் நோய் வந்தது. சாவியில் கை வைத்துப் பத்து நிமிடம் ஆனால் விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விடும். இடது கையால் ஒவ்வொரு விரலாக விரித்துவிடுவார். சாவியை விட்டு எழுந்தால் அந்தக் கைக்கு ஒன்றுமே இல்லை. எழுதும், சோறு பிசையும், சட்டைப் பொத்தான் போடும். ஆபீஸ் டாக்டர் அவரை ஒரு பக்கம் எழுதச் சொன்னார், ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பிறகு, கையில் குறையில்லை, வேலையில்தான் மனமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வாளி வந்தது.

ஆபீஸ் அவருக்கு என்னவெல்லாம் செய்தது என்று சொல்லிவிடுகிறேன். முதுகு வைத்த நாற்காலியை எடுத்துவிட்டு ஸ்டூல் போட்டார்கள், சாய்ந்தால் தூக்கம் வருமாம். அறைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, யார் இன்று எத்தனை சொல் அனுப்பினார்கள் என்று பெரிய கிராணி தினமும் எழுதினார். கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு வாளி படம் வரைவார். நன்றாகவே வரைவார், கைப்பிடி, நிழல் எல்லாம் வைத்து. அண்ணன் ஒரு வாரம் லீவு கேட்டதற்கு, "உடம்புக்குச் சாக்கிட்டுனா டாக்டரு எழுதிக் குடுக்கட்டும். டாக்டரு என்ன எழுதினாரு? ஆங், அதான் லா" என்று அனுப்பிவிட்டார். அண்ணன் அதற்குள் பாதியாக இளைத்திருந்தார். வேலைக்கு வரும் வழியில் கடல் ஓரம் நின்று வாந்தி எடுப்பதை ஒருநாள் நானே பார்த்தேன். அந்த மனிதர் வேலையை எவ்வளவு நேசித்தவர்! பீச் ஸ்திரீட் வண்டிச் சத்தத்தில் செய்தி தப்பிவிடக்கூடாது என்று, பேசும் கருவிக்குப் பின்னால் காலிப் புகையிலை டின் ஒன்றைச் செருகி வைத்திருந்தார். அந்தக் கருவியை சவுண்டர் என்போம்; தைப்பிங்கில் தட்டுவது இங்கே அதில் டிக் டிக்கென்று கேட்கும். டின் இருந்தால் இரண்டு பங்கு சத்தம். ஆபீஸ் செலவில் கேட்கவில்லை, தன் வீட்டு டின்.

ஆபீஸ் செய்யாததை நாங்கள் செய்தோம். வாளிக்குச் சிரித்த வெட்கமும் எனக்கு இருந்தது. என் மேசை அவர் மேசைக்கு அடுத்தது. சுவரில் இருந்த பலகையில் ஒரு பித்தளை ஊசியை இடம் மாற்றினால் தைப்பிங் கம்பி என் சாவிக்கு வந்துவிடும். அவர் விரல் மடங்கத் தொடங்கியதும் நான் ஊசியை மாற்றுவேன். அவர் செத்த சாவியில் கை வைத்துத் தட்டுவதுபோல அசைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் தட்டுவது நான். கடைசியில் வைப்பதும் அவருடைய இரண்டெழுத்து. மற்ற நான்கு பேரும் பெரிய கிராணி எழுந்தால் இருமுவார்கள். நான் அவர் கையை அப்படியே பிடித்துவிட்டேன். அந்தக் கடைசி இழுப்புகூட வந்துவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பெரிய கிராணியை ஏமாற்றலாம், தைப்பிங்காரரை ஏமாற்ற முடியவில்லை. அவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணனும் அவரும் ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் அண்ணனின் மூன்று பிள்ளைகள் பிறந்த நாளும் அவருக்குத் தெரியும். தினமும் காலையில் கம்பியைச் சோதிக்கும்போது அவர் முதலில் தட்டுவது, "இங்கே மழை." தைப்பிங்கில் மழை பெய்யாத நாள் குறைவு என்பதால் அது வணக்கம் சொல்வது மாதிரி. நான் தட்டத் தொடங்கிய இரண்டாம் நாளே, சுற்றி யாரும் இல்லாத நேரம் பார்த்து, "அண்ணன் கைக்கு என்ன? தட்டுகிறவர் நன்றாகத்தான் தட்டுகிறார்" என்றார். கம்பியில் பேச்செல்லாம் இங்கிலீஷ். நான் தமிழில் எழுதுகிறேன். அண்ணன் உண்மையைச் சொன்னார். "ஓய்வெடுங்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை" என்று அவர் பதில் தந்தார். அன்றிலிருந்து, காலைச் சோதனையின்போது அன்றைக்கு யார் தட்டப்போகிறார்கள் என்று அவருக்குச் சொல்லிவிடுவது என் வேலை ஆயிற்று.

நாலு பேர் இருமியதும் ஒருவர் கேட்காமல் இருந்ததும் அந்த மனிதரை எழுப்பி உட்கார வைத்தது. ஒரு மாதத்தில் முகத்தில் ரத்தம் வந்தது. மத்தியானச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டார். ஒருநாள் என் காதில், "தம்பி, நான் இடது கையில பழகுறேன்" என்றார். வீட்டில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து வைத்து, கரண்டியால் தட்டிப் பழகுகிறாராம். மனைவி எதிரில் உட்கார்ந்து கேட்பாராம். அந்த அம்மாளுக்குப் புள்ளியும் தெரியாது கோடும் தெரியாது. ஆனால் தடுக்குகிற இடத்தில் தலையை நிமிர்த்திப் பார்த்துவிடுவாராம். பூசையிலும் நான் கவனித்தேன். சாமியார் ஜெபம் சொல்லச் சொல்ல, அண்ணனின் இடது சுட்டுவிரல் பெஞ்சில் அதையே தட்டிக்கொண்டு போனது.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. பெரிய கிராணிக்கு ஏதோ வாடை அடித்துவிட்டது. கரும்பலகையில் அண்ணன் மறுபடி மேலே வந்திருந்தார், நான் கடைசிக்கு இறங்கியிருந்தேன், வாளி என் பெயருக்குக் கீழே. அவர் துரையிடம் போய்ச் சொன்னார். வரும் திங்கட்கிழமை துரையே அண்ணன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார். தேறினால் இருக்கலாம், தேறாவிட்டால் மாதக் கடைசியில் வேலையும் வீடும் விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. துரை கீழிருந்து மேலே வந்தவர். நம்மைப் போலவே காதால் வாசிப்பார்.

அண்ணன் பயப்படவில்லை. இடது கையால் தட்டக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. "வேகம் வந்திருச்சு தம்பி. கொஞ்சம் முரடா இருக்கும், அவ்வளவுதான். அன்னைக்கு நீ ஊசியைத் தொடாதே. காலையில தைப்பிங்கிட்ட மட்டும் சொல்லிடு, இன்னைக்கு நான்தான், இடது கைன்னு. புதுசா கேட்டா அவரு குழம்பிடுவாரு." சரி அண்ணே என்றேன். அவர் என் தோளில் கை வைத்து, "இனிமே உனக்கும் தொல்லை இல்ல" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு ஏனோ சுருக்கென்றது. தொல்லையா? அந்த அறையிலேயே சிறந்த கையாக மூன்று மாதம் இருந்தவன் நான். அது யாருக்கும் தெரியாது, கரும்பலகையில் எனக்குக் கிடைத்தது வாளி.

சனிக்கிழமை பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார், அதுவே அதிசயம். "திங்கட்கிழமை அந்த மேசை காலியாகும் தம்பி. தைப்பிங் லைன் லேசுப்பட்டது இல்ல. உனக்குன்னு மனசுல வச்சிருக்கேன்" என்றார். டீயைக் குடித்து முடித்தேன்.

திங்கட்கிழமை காலை நான்தான் முதலில் வந்தேன். ஜன்னலைத் திறந்தேன், ஊசிகளைத் துடைத்தேன், தைப்பிங்கைக் கூப்பிட்டேன். "இங்கே மழை" என்றார். பிறகு காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு அண்ணன், இடது கை. அவ்வளவுதான், தட்டினால் ஐந்து விநாடி. என் விரல் சாவிமேல்தான் இருந்தது. "கம்பி சரி" என்று தட்டிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. மேசைக்காகச் செய்தேனா, தொல்லை என்ற அந்தச் சொல்லுக்காகச் செய்தேனா என்று கேட்டால் இன்றும் தெரியாது. தெரிந்து இனி என்ன ஆகப்போகிறது?

அண்ணன் வெளுத்த கோட்டு போட்டு வந்திருந்தார். துரை அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, மடியில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தார். அண்ணன் சாவியை இடது பக்கம் நகர்த்தினார். துரை புருவத்தை உயர்த்தி, பென்சிலைக் காகிதத்தில் வைத்தார். முதல் செய்தி போயிற்று. இரண்டாவது, மூன்றாவது. முரடுதான், கோடுகள் மொட்டையாக நின்றன, அந்தக் கடைசி இழுப்பு இல்லை. ஆனால் தப்பு ஒன்றும் இல்லை, வேகமும் இருந்தது. துரை கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அண்ணன் கழுத்தில் வியர்வை வழிந்தது. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. ஏழாவது செய்தியின் நடுவே தைப்பிங் குறுக்கிட்டது.

"தம்பி, இன்றைக்கு யாரை உட்கார வைத்திருக்கிறாய்? கை முரடு. வழக்கமாகத் தட்டும் நல்ல கையை வரச் சொல். அண்ணன் ஓய்வெடுக்கட்டும். அவர் அடையாளத்திலேயே நான் வாங்கிக்கொள்கிறேன்."

புகையிலை டின் ஒவ்வொரு புள்ளியையும் அறை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த அறையில் அதை வாசிக்கக் காகிதம் தேவைப்படுகிறவன் எவனும் இல்லை. ஆறு மேசையும் நின்றுவிட்டன. பெரிய கிராணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சம்பள நாள் மாதிரி மலர்ந்தது. துரை அந்தச் செய்தியை ஒரு சொல் விடாமல் காகிதத்தில் எழுதி முடித்தார்.

பிறகு அவர் அமைதியாகப் பேசினார். "இடது கையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்த வேகம் போதும், நீ தேறிவிட்டாய். ஆனால் உன் அடையாளத்தில் வேறொருவன் அனுப்பியிருக்கிறான். அவன் யார்? பெயரைச் சொல், உன்னை வைத்துக்கொள்கிறேன்." அண்ணன் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு மூன்றடி தூரத்தில் இருந்தேன். "சொல்ல முடியாது சார்" என்றார். துரை இன்னொரு முறை கேட்டார். அதே பதில்தான். நான் என் மேசையில் இருந்த பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.

மத்தியானத்துக்குள் வேலைநீக்கக் கடிதம் தயார். அதை வாங்கிக்கொண்டு இறங்கும்போது அண்ணன் படிக்கட்டில் என்னைப் பார்த்து நின்றார். "காலையில அவருகிட்ட சொன்னியா தம்பி?"

"சொன்னேன் அண்ணே."

"சொன்னியா..." என்றார். அவர் முகம் அப்போது விழுந்ததுபோல அறைக்குள் விழவில்லை. வேலை போனதைவிட அது பெரிய அடி. சொல்லியும் அந்தச் சிநேகிதருக்குத் தன் கை தெரியவில்லை என்று நினைத்துவிட்டார். அதை நான் நின்று பார்த்தேன், பார்த்துவிட்டு மேலே ஏறிப் போனேன்.

மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு, அக்கரையில் தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். விடியற்காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை என்று கேள்விப்பட்டேன். எனக்குத் தைப்பிங் மேசை கிடைத்தது, முதுகு வைத்த நாற்காலியோடு. டின்னை நான் கழற்றவில்லை, நல்ல டின். தைப்பிங்காரருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. அண்ணனுக்குப் பதிலாக வேறொருவன் தட்டியது பிடிபட்டது, அதனால் அண்ணன் வேலை போனது என்று மட்டும் அதில் இருந்ததாம். அவர் காலையில் "இங்கே மழை" என்பதை நிறுத்தவில்லை. வேறு எதுவும் பேசுவதில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து அண்ணன் வந்தார். அக்கரைப் பாகானிலிருந்து படகில் வந்து, பொதுமக்கள் நிற்கும் பக்கத்தில், கம்பி வலைக்கு அந்தப் புறம் நின்றார். கறுத்துப் போயிருந்தார். படிவத்தை நிரப்பி நீட்டினார். எழுதுவதையும் இடது கைக்கு மாற்றியிருந்தார், எழுத்து குழந்தை எழுதினதுபோல. தைப்பிங்காரர் பெயருக்கு. "அன்று தட்டியது நான். தம்பி சொல்லியும் என் கை தெரியவில்லையா? அவ்வளவு மோசமா?"

"இப்பவே அனுப்பிடு தம்பி. நான் நிக்கிறேன்" என்றார்.

'தம்பி சொல்லியும்' என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டு அனுப்ப எனக்கு ஆசை வந்தது. ஆனால் அவர் காது அங்கேயே நின்றது. முழுவதும் தட்டினேன். பிறகு டின் பேசியது. "அது அவரா? நீ எனக்குச் சொன்னாயா?"

வலைக்கு அந்தப் புறம் அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொன்னேன். உங்கள் மழையில் விழுந்திருக்கும்" என்று தட்டினேன். தட்டி முடித்ததும் விரல்கள் மூன்று மாதப் பழக்கத்தில் தாமாகவே அவருடைய இரண்டெழுத்தை வைத்துவிட்டன, கடைசி இழுப்போடு. என் பொய்க்கு அவர் அடையாளம்.

"என் பிழை" என்றது தைப்பிங். அதற்குப் பிறகு ஒருநாள் காலையிலும் அவர் மழையைப் பற்றிச் சொல்லவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் கையை நான் படித்தவன் என்றால், அடுத்த மேசையில் இருந்த அவர் என் கையைப் படிக்காமலா இருந்திருப்பார்? அது பொய் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும். "மழையா" என்றார். பிறகு இடது சுட்டுவிரலால், கவுண்டர்ப் பலகையில், தன் இரண்டெழுத்தைத் தானே ஒரு முறை தட்டினார். முரடு போயிருந்தது. கடைசிக் கோட்டில் அந்த இழுப்பு அப்படியே வந்திருந்தது, என்னுடையதைவிட நன்றாக. அவர் இருந்த தோட்டத்தில் தந்திக் கம்பியே கிடையாது.